பாம்பின் தரையும் இரையும்: கூண்டு வளர்ப்பில் விரிப்பு, உணவு குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாம்பு வளர்ப்பு சில ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. கூண்டிலேயே பிறந்த குட்டிகள் செல்லப்பிராணிக் கடைகளில் சாதாரணமாக விற்பனையாகின்றன. ஒரு குட்டியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் முதலில் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள். கூண்டின் தரையில் எதை விரிப்பது? இரையை எப்படி, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது?

இவற்றுக்குப் பதில் சொல்லும் கையேடுகள் நிறைய உண்டு. அவை ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. செய்தித்தாள் போதும் என்று ஒன்று சொல்லும். அரையடி மண் இல்லாமல் பாம்பை வைக்கவே கூடாது என்று மற்றொன்று சொல்லும். எந்தப் பொருள் நல்லது, எந்தப் பொருள் கெட்டது என்று தனித்தனியாகப் பட்டியல் போடுவதால் வரும் குழப்பம் இது. தரை, ஈரம், சூடு, இரை ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் மாறும். கூண்டுப் பாம்புகளுக்கு வரும் நோய்களில் பெரும்பகுதி இந்த உறவைக் கவனிக்காததால் வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதிகம் வளர்க்கப்படும் இரண்டு இனங்களை முன்வைத்து அதைப் பார்ப்போம்: மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த சோளப்பாம்பு.

இரண்டு பாம்புகள், இரண்டு நிலங்கள்

பந்து மலைப்பாம்பு கானா, டோகோ, பெனின் போன்ற நாடுகளின் புல்வெளிகளிலும் விளைநிலங்களிலும் வாழ்கிறது. பகலில் எலி வளைகளிலும் கைவிடப்பட்ட கறையான் புற்றுகளிலும் சுருண்டு கிடக்கும். வெளியே நிலம் காய்ந்து வெடித்திருந்தாலும் வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும். எனவே இந்தப் பாம்புக்குத் தேவை நெருக்கமான இருட்டும் ஈரமான காற்றும். கூண்டில் ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம், சூடான முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனையில் 25 முதல் 27 டிகிரி என்பது பொதுவாக ஏற்கப்படும் அளவு.

சோளப்பாம்பு பைன் காடுகளிலும் பழைய தானியக் களஞ்சியங்களிலும் விழுந்த மரங்களின் பட்டைக்கு அடியிலும் வாழ்வது. நன்றாக மரமேறும், தளர்ந்த சருகுக்குள் துளைத்துக்கொண்டு போகும். 40 முதல் 60 சதவீத ஈரப்பதமும், 30 டிகிரியை ஒட்டிய சூடான ஓரமும், 22 முதல் 24 டிகிரி குளிர்ந்த ஓரமும் அதற்குப் போதும். பந்து மலைப்பாம்புக்குப் பொருந்தும் ஈரத் தரையில் சோளப்பாம்பை நெடுநாள் வைத்தால் வயிற்றுச் செதில்கள் பழுப்பேறி அழுகத் தொடங்கும். சோளப்பாம்புக்குப் பொருந்தும் உலர்ந்த தரையில் பந்து மலைப்பாம்பை வைத்தால் சட்டை ஒரே உறையாகக் கழலாமல் துண்டு துண்டாகக் கிழியும். கண்ணை மூடியிருக்கும் பழைய படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இனத்தின் பெயரைச் சொல்லாமல் ‘எது நல்ல விரிப்பு’ என்று கேட்பதில் பொருளில்லை.

விரிப்புகள்: ஒவ்வொன்றின் தன்மை

தவிர்க்க வேண்டியதிலிருந்து தொடங்கலாம். செடார் மரச்சீவல் அதில் முதலாவது. அதன் மணத்துக்குக் காரணமான எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் மூடிய கூண்டுக்குள் தேங்கும். செடார், பைன் போன்ற மென்மரச் சீவல்களின் மேல் வளர்க்கப்பட்ட எலிகளின் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் அதிகரிப்பதை எலியட் வெசல் 1967இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். அதன்பின் ஆய்வுக்கூடங்களே விரிப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கின. பாம்புகளிடம் நேரடியாகச் செய்யப்பட்ட சோதனைகள் மிகக் குறைவு என்றாலும், எச்சரிக்கைக்கு வேறு காரணமும் இருக்கிறது. பாம்புக்கு உதரவிதானம் இல்லை. நுரையீரலில் சேரும் சளியை அதனால் நம்மைப் போல் இருமி வெளியேற்ற முடியாது. தரையோடு ஒட்டி மூச்சுவிடும் உயிரின் மூக்கருகே எரிச்சலூட்டும் ஆவியை வைப்பது தேவையற்ற துணிச்சல். சூளையில் உலர்த்திய பைனில் இந்த எண்ணெய்கள் கணிசமாகக் குறைந்திருக்கும். அதைப் பயன்படுத்தலாமா என்பதில் அனுபவசாலிகளிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

ஆஸ்பென் மரச்சீவலில் அந்த மண எண்ணெய்கள் இல்லை. கழிவு விழுந்த இடத்தில் கட்டியாகிவிடுவதால் அள்ளியெடுப்பது எளிது. சோளப்பாம்பு அதற்குள் சுரங்கம் அமைத்துக்கொண்டு நாள் முழுதும் கிடக்கும். இதன் பலவீனம் ஈரம். நனைந்தால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே சோளப்பாம்புக்கு ஏற்றது, பந்து மலைப்பாம்புக்கு ஏற்றதல்ல.

ஈரம் வேண்டும் இனங்களுக்குச் சைப்ரஸ் மரச்சில்லுகளும் தேங்காய் நாரிலிருந்து கிடைக்கும் பொருள்களும் பயன்படுகின்றன. பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டியாக அழுத்தப்பட்டு ஏற்றுமதியாகும் நார்த்தூளுக்கும் தேங்காய் மட்டைச் சில்லுகளுக்கும் தோட்டக்கலையோடு ஊர்வன வளர்ப்பும் ஒரு சந்தை. நார்த்தூள் தன் எடையைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்து மெல்ல வெளியிடும். உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் நன்னீரில் அலசாமல் பயன்படுத்தக் கூடாது. முற்றிலும் காய்ந்துவிட்டால் தூசி பறக்கும். சரியான பக்குவம் இது: கையில் எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது, மேற்பரப்பு காய்ந்தும் அடியடுக்கு ஈரமாகவும் இருக்க வேண்டும். மேலிருந்து தினமும் நீர் தெளிப்பதைவிட, கூண்டின் மூலையில் ஊற்றி அடியடுக்கை மட்டும் நனைப்பது பாம்பின் வயிற்றுத் தோலுக்குப் பாதுகாப்பு.

மணல் பற்றிய முடிவும் இனத்தைப் பொறுத்தது. கென்ய மண்ணுளிப் பாம்பு தளர்ந்த மணலில் புதைந்து வாழ்வதால் அதற்கு ஏதாவது தளர்ந்த தரை கட்டாயம் வேண்டும். பந்து மலைப்பாம்புக்கும் சோளப்பாம்புக்கும் வெறும் மணல் தரை தேவையே இல்லை. ‘செரிக்கக்கூடியது’ என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் கால்சியம் மணல் ஈரம் பட்டால் கட்டிப்படும். உடைத்த வால்நட் ஓட்டின் விளிம்புகள் கூர்மையானவை. பூனைக் கழிவுக்கான களிமண் உருண்டைகள் ஈரத்தை உறிஞ்சவே செய்யப்பட்டவை என்பதால் பாம்பின் வாயையும் தோலையும் உலரவைக்கும். இம்மூன்றையும் விலக்கிவிடலாம்.

செய்தித்தாளும் சமையலறைக் காகிதத் துவாலையும் எளிமையானவை. கழிவின் நிறம், இரத்தம், உண்ணி எல்லாம் வெள்ளைத் தரையில் உடனே தெரியும். புதிதாக வந்த பாம்பைத் தனிமைப்படுத்தி வைக்கும் இரண்டு மூன்று மாதங்களுக்கு இதைவிடச் சிறந்த விரிப்பு இல்லை. பாம்பு உண்ணி விரிப்பின் இடுக்குகளில் முட்டையிட்டுப் பெருகுவது. ஒரு கூண்டிலிருந்து மற்றொன்றுக்கு நோயைக் கடத்துவதாகவும் சந்தேகிக்கப்படுவது. மலைப்பாம்புக் குடும்பங்களைப் பல ஆண்டுகளாக வதைத்த உள்ளுறைத் துகள் நோயோடு தொடர்புடைய அரினாவைரஸ்கள் 2012இல்தான் இனங்காணப்பட்டன. பந்து மலைப்பாம்புகளின் கடும் சுவாச நோயோடு தொடர்புடைய நிடோவைரஸ் 2014இல் தெரியவந்தது. இரண்டுக்கும் மருந்து இல்லை. புதுவரவைக் காகிதத் தரையில் தனியே வைத்துக் கண்காணிப்பதே வளர்ப்பவர் கையிலுள்ள முதல் தற்காப்பு.

குடலடைப்பு அச்சம்

தளர்ந்த விரிப்பை எதிர்ப்பவர்கள் முன்வைக்கும் வாதம் குடலடைப்பு. இரையோடு சேர்த்து மரச்சீவலை விழுங்கிவிட்டால் பாம்பு இறந்துவிடும் என்பது பலருடைய பயம். இது நடக்கக்கூடியதுதான். ஆனால் காட்டுப் பாம்பு தட்டில் வைத்து உண்பதில்லை. மண்ணும் சருகும் இரையோடு உள்ளே போகின்றன. உடல் சூடாகவும் நீர்ச்சத்தோடும் இருந்தால் சிறு துகள்கள் கழிவோடு வெளியேறுகின்றன. அடைப்பு நேர்ந்த கூண்டை ஆராயும்போது சூடு குறைவாக இருப்பதையும், குடிநீர்க் கிண்ணம் காய்ந்து கிடப்பதையும் முதலில் பார்க்க வேண்டும். குளிர்ந்த குடல் அசையாது. நீர் வற்றிய குடலில் கழிவு இறுகும்.

அபாயத்தைக் குறைக்க எளிய வழிகள் உண்டு. உருக்கிய இரையைத் துடைத்து உலர்த்திவிட்டுக் கொடுத்தால் விரிப்பு அதில் ஒட்டாது. தட்டையான ஓட்டின் மீதோ பலகையின் மீதோ இரையை நீட்டலாம். விழுங்கும்போது ஓரிரு சீவல் வாயில் ஒட்டினால் பதறி இழுக்க வேண்டாம். பாம்பு தானே தாடையைத் தேய்த்து அகற்றிக்கொள்ளும்.

விரிப்புக்கும் சூட்டுக்கும் இடையிலான இன்னோர் ஆபத்து இதைவிடப் பெரியது. கண்ணாடித் தொட்டியின் அடியில் ஒட்டும் வெப்பப் பாயின் மேல் நான்கு விரற்கடை விரிப்பைக் கொட்டினால் சூடு மேலே வராது. பாம்பு சூட்டைத் தேடி விரிப்பைத் துளைத்துக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும். அங்கே வெப்பம் கட்டுப்பாடின்றி ஏறியிருந்தால் வயிறு வெந்துபோகும். சுடுவதை உணர்ந்து விலகும் திறன் பாம்பின் வயிற்றுப் பகுதிக்குப் போதுமானதாக இல்லை என்பதைத் தீக்காயங்களோடு மருத்துவரிடம் வரும் பாம்புகள் காட்டுகின்றன. வெப்பப் பாய் வைத்தால் விரிப்பு மெல்லியதாக இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனை பாம்பு தொடக்கூடிய மிகச் சூடான பரப்பில் இருக்க வேண்டும். ஆழமான விரிப்பு வேண்டுமானால் சூடு மேலிருந்து வரட்டும்.

சுத்தமான கூண்டா, வாழத்தக்க கூண்டா

வணிக ரீதியாகப் பாம்பு வளர்ப்போர் அலமாரி இழுப்பறைகளைப் போல் அடுக்கிய பெட்டிகளில், காகிதத்தின் மேல், ஒரு நீர்க் கிண்ணத்தோடு நூற்றுக்கணக்கான பாம்புகளை வைக்கிறார்கள். அவை உண்கின்றன, இனப்பெருக்கம் செய்கின்றன. அதனால் நலமாக இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். மறுதரப்பின் வாதத்துக்கு ஆய்வு வலுச் சேர்க்கிறது. டென்னசி பல்கலைக்கழகத்தில் ஆல்ம்லியும் கோர்டன் பர்கார்ட்டும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஏறவும் ஒளியவும் வசதியுள்ள கூண்டுகளில் வளர்ந்த சாரையின இளம்பாம்புகள், வெறுமையான கூண்டுகளில் வளர்ந்தவற்றிலிருந்து நடத்தையில் வேறுபட்டன. புதிய சூழலுக்கு அவை விரைவில் பழகின. சோதனைச் சிக்கலை விரைவில் தீர்த்தன. பாம்பு எதையும் கற்காத உயிர் என்ற பழைய எண்ணத்துக்கு இத்தகைய ஆய்வுகள் இடம் தரவில்லை.

மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்செடுப்பதற்காகப் பிடித்த பாம்புகளை மண்பானைகளில் மணல் இட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி வைக்கிறது. பானை குளுமையாகவும் இருட்டாகவும் இருக்கும். துணிவழி காற்று புகும். சில வாரங்களில் அவை மீண்டும் வெளியில் விடப்படுகின்றன. குறுகிய காலத்துக்கு, குறிப்பிட்ட நோக்கத்துக்கு, அனுபவத்திலிருந்து பிறந்த ஏற்பாடு அது. அதே அளவு இடத்தை ஒரு பாம்பின் முழு ஆயுளுக்கும் விதிப்பதை அதே நியாயத்தால் ஆதரிக்க முடியாது. காகிதம் மருத்துவமனைக்கும் தனிமைக் காலத்துக்கும் உரியது. நலமான பாம்புக்குத் துளைக்கவும் மறையவும் தக்க ஆழமுள்ள தரையைத் தருவதே சரி. கூடுதலாகச் சுத்தம் செய்யும் உழைப்பு வளர்ப்பவரின் கடமை.

செரிமானம் சொல்லும் கணக்கு

உணவைப் பற்றிப் பேசுமுன் பாம்பின் உடல் இரையை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீபன் செகோரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தார்கள். பெரிய இரையை விழுங்கிய இரண்டு நாள்களுக்குள் அதன் வளர்சிதை மாற்றம் நாற்பது மடங்கு வரை உயர்கிறது; சிறுகுடலின் நிறை இரட்டிப்பாகிறது. இதயத் தசை 48 மணி நேரத்தில் 40 சதவீதம் பருப்பதை 2005இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. செரித்து முடிந்ததும் எல்லாம் மீண்டும் சுருங்கிவிடுகின்றன. நீண்ட இடைவெளியில் பெரிய இரை உண்ணும் மலைப்பாம்பிடம் இந்த ஏற்றத்தாழ்வு மிக அதிகம். அடிக்கடி சிறு இரை உண்ணும் பாம்புகளிடம் குறைவு.

இதிலிருந்து மூன்று நடைமுறைகள் கிளைக்கின்றன. முதலாவது, இரைக்குப் பின் சூடு கட்டாயம். சூடில்லாவிட்டால் இரை வயிற்றிலேயே அழுகும், பாம்பு கக்கிவிடும். இரண்டாவது, இரை கொடுத்தபின் குறைந்தது இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது. மூன்றாவது, பசியாக இருக்கும் என்று நாமே எண்ணி அடிக்கடி ஊட்டக் கூடாது. பாம்பின் உடல் பட்டினிக்கும் விருந்துக்கும் மாறிமாறிப் பழகியது. ஓய்வில்லாமல் ஊட்டினால் கொழுப்பு கல்லீரலில் படியும். விரைவில் பருவமெய்தட்டும் என்று குட்டிகளுக்கு அளவுக்கு மீறித் திணிக்கும் வளர்ப்போர் அவற்றின் ஆயுளைக் குறைக்கிறார்கள்.

அளவுக்கு நல்ல வழிகாட்டி பாம்பின் நடு உடலின் தடிமன். இரை அதே தடிமனிலோ சற்றே கூடுதலாகவோ இருக்கலாம். முட்டையிலிருந்து வந்த சோளப்பாம்புக்கு மயிர் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு ஒன்று, 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை. வளர்ந்ததற்குப் பெரிய சுண்டெலி, 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. பந்து மலைப்பாம்புக் குட்டிக்கு வாரம் ஒன்று; வளர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று போதும். மாதமொருமுறை எடை பார்த்துக் குறித்துவைப்பது எந்த அட்டவணையைவிடவும் நம்பத்தக்கது.

உயிரிரையா, உறைந்த இரையா

மூலையில் அகப்பட்ட எலி கடிக்கும். பசியில்லாத பாம்போடு இரவு முழுதும் அடைக்கப்பட்ட எலி அதன் முதுகைக் கொறித்து எலும்பு தெரியச் செய்த சம்பவங்கள் ஊர்வன மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்தவை. எலியின் வேதனையும் கணக்கில் வர வேண்டியது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் மனிதர் பொறுப்பிலுள்ள முதுகெலும்புள்ள உயிர்களைக் காப்பது என்பதால் அந்தக் காப்பு இரைக்கும் உண்டு. வேதனையின்றிக் கொன்று உறையவைத்த இரை இரு உயிர்களுக்கும் நல்லது. கூண்டில் பிறந்த சோளப்பாம்புகளில் பெரும்பாலானவை அதைத் தயங்காமல் ஏற்கின்றன.

உறைந்த இரையை முதல்நாள் இரவே குளிர்பெட்டியில் உருகவிட்டு, கொடுக்குமுன் மூடிய பையிலிட்டு வெந்நீரில் 38 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். வயிற்றை அழுத்திப் பார்த்தால் உள்ளே குளிர்ந்த கட்டி இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பு சீராகச் சூடாக்காது. வயிறு வெடித்தும் போகும். நீண்ட இடுக்கியால் நீட்ட வேண்டும். கையால் நீட்டினால் பாம்பு சூட்டை நோக்கிப் பாய்ந்து விரலைப் பிடிக்கும்.

உறையவைப்பதால் சால்மொனெல்லா கிருமி சாவதில்லை. தீவன எலிகளிலிருந்து பரவிய சால்மொனெல்லா நோயைப் பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை 2015 முதல் கண்காணித்து வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். எலியை உருக்கும் பாத்திரம் தனியாக இருக்க வேண்டும், சமையல் மேடையில் வைக்கக் கூடாது, கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இந்த வேலையில் சேர்க்கக் கூடாது.

இரையூட்டத் தனிப் பெட்டிக்கு மாற்றும் பழக்கம் முன்பு பரவலாக இருந்தது. கூண்டிலேயே ஊட்டினால் கை நுழையும்போதெல்லாம் கடிக்கும் என்ற நம்பிக்கை அதற்குக் காரணம். விழுங்கிய பாம்பைத் தூக்கித் திரும்ப வைக்கும்போது அது கக்குவதும் கடிப்பதும் நடப்பதால் இன்று பலர் அதைக் கைவிட்டுவிட்டனர். எடுக்குமுன் கொக்கியால் மெல்லத் தொட்டால், இது இரைவேளை அல்ல என்பதைப் பாம்பு கற்றுக்கொள்ளும்.

உண்ண மறுக்கும் பாம்பு

பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கும். இனப்பெருக்கக் காலத்து ஆணும் அடைகாக்கும் பெண்ணும் இயல்பாகவே உண்பதில்லை. எடை குறையாதவரை கவலை வேண்டாம். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சூடு, ஈரம், மறைவிடம் மூன்றையும் சரிபார்த்துவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். திறந்த தரையில் மறைவிடமின்றி இருக்கும் பாம்பு அச்சத்தால் உண்ணாது. உணவுச் சிக்கலுக்குத் தரையில் விடை இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. தென்கிழக்கு நைஜீரியாவில் லூயிசெல்லியும் ஏஞ்சலிசியும் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வில் சிறிய ஆண் பந்து மலைப்பாம்புகள் பெரும்பாலும் பறவைகளையும், பெரிய பெண் பாம்புகள் பாலூட்டிகளையும் உண்டது தெரிந்தது. எலியை மறுக்கும் ஆண் பாம்பு கோழிக்குஞ்சின் வாசனை பட்ட எலியை ஏற்பதில் வியப்பில்லை.

கக்கிய பாம்புக்கு உடனே மறுபடி ஊட்டக் கூடாது. வயிற்று அமிலம் உணவுக்குழாயைச் சுட்டிருக்கும். பத்துப் பதினான்கு நாள் நீர் மட்டும் கொடுத்து, பின் வழக்கத்தில் பாதியளவு இரை போதும். வாயைத் திறந்து திணிப்பது அனுபவமுள்ள மருத்துவர் செய்யும் கடைசி முயற்சி.

எலி எல்லாப் பாம்புக்கும் ஏற்ற உணவு அல்ல. மீன் தின்னும் கார்ட்டர் பாம்புக்குத் தங்கமீனை மட்டும் தொடர்ந்து கொடுத்தால், அதிலுள்ள தயமினேஸ் நொதி வைட்டமின் பி1ஐ அழித்துப் பாம்புக்கு வலிப்பு வரும். பால் எந்தப் பாம்புக்கும் உணவல்ல. தாகத்தால் வாடிய பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும் என்பதே அது பால் குடிக்கும் காட்சியின் உண்மை. செரிக்காத பால் வயிற்றைக் கெடுக்கிறது. புற்றை வணங்குபவர் பாம்பின் மீது வைத்திருக்கும் மதிப்பு உண்மையானது. பாம்புக்கு வேண்டியது சுத்தமான நீர் என்பதும் உண்மை.

நம் நாட்டில்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி போன்ற நம் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 2022 திருத்தத்துக்குப் பின், சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போரும் 2024 விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளுக்குள் துணிப்பைகளில் அடைக்கப்பட்டு வந்த பந்து மலைப்பாம்புகளைச் சுங்கத் துறை பலமுறை கைப்பற்றியிருக்கிறது. நீரின்றி, சூடின்றி, தரையின்றி அப்படி வரும் பாம்பை வாங்குபவர் அந்தக் கொடுமைக்கு விலை கொடுத்து அதைத் தொடரச் செய்கிறார்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 2020இல் ஒரு பந்து மலைப்பாம்பு முட்டையிட்டது. 1961இல் அங்கு வந்த அதன் வயது அப்போது அறுபதைத் தாண்டியிருந்தது. வீடுகளிலும் இந்த இனம் இருபது முப்பது ஆண்டு வாழும். வலியைச் சொல்லும் குரல் பாம்புக்கு இல்லை. நோய் வெளியே தெரியும்போது அது முற்றியிருக்கும். எனவே வளர்ப்பவரின் கையில் ஒரு வெப்பமானி, ஓர் ஈரமானி, ஒரு தராசு, ஒரு குறிப்பேடு கட்டாயம் இருக்க வேண்டும். இரை கொடுத்த நாள், சட்டை கழற்றிய நாள், கழிவின் தன்மை, எடை ஆகியவற்றைப் பல ஆண்டுகள் தளராமல் எழுதிவர மனமுள்ளவர், சட்டம் அனுமதிக்கும் இடத்தில், கூண்டில் பிறந்த பாம்பை வளர்க்கலாம். அந்த உழைப்புக்குத் தயாராக இல்லாதவர் அதை வாங்காமல் இருப்பதே அவர் அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.